மேற்குச் சிட்னிக் களிமண்ணில் வராட்டா வருமா?

செம்பருத்தி (பென்டில் ஹில், சிட்னி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முன்புறம் ஒரு வராட்டா வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நியூ சவுத் வேல்ஸின் மாநிலப் பூ, உள்ளங்கை நிறையச் சிவப்பாகப் பூக்குமே, அதுதான். ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் செப்டம்பர் வாக்கில் அந்தப் பக்கத்துக் காடுகளில் பார்த்திருக்கலாம்.

பிரச்சினை மண். எங்கள் பக்கம் முழுக்கக் களி. மழை பெய்தால் செருப்பில் அப்பிக்கொண்டு வீட்டுக்குள் வரும், வெயிலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பின்பக்கம் கறிவேப்பிலை, முருங்கை, மல்லி எல்லாம் இதே மண்ணில் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மாட்டெரு, எலும்புத்தூள், சமையலறைக் கழிவில் செய்த கம்போஸ்ட் என்று எதையும் குறை வைப்பதில்லை. முன்பக்கம் வெறும் புல்தரை.

பக்கத்துத் தெருவில் ஒருவர் வைத்த வராட்டா ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை. நர்சரியிலோ "எந்த மண்ணிலும் வரும்" என்கிறார்கள். எதை நம்புவது? தரையில் வைப்பதா, தொட்டியிலா? எந்த ரகம்? மாட்டெரு, எலும்புத்தூள் போட்டு மண்ணை முன்கூட்டியே தயார் செய்துவிடலாமா?

வளவுக்காரர் (வென்ட்வொர்த்வில்)

பிள்ளை, காசைக் கரியாக்க வேண்டாம். பாட்டில் பிரஷ் ஒன்றை நடுங்கோ. களிமண், வெள்ளம், வெயில் எல்லாம் தாங்கும். அதுவும் சிவப்புத்தான், அதுவும் இந்த நாட்டுச் செடிதான். கிரெவில்லியா என்ற பூப்புதர் வேண்டுமென்றால் அதில் 'ராபின் கார்டன்' என்ற ரகம் இருக்கு. குயின்ஸ்லாந்தில் கிளென்மார்கன் என்ற இடத்தில் டேவிட் கார்டன் என்றவரின் தோட்டத்தில் வந்த கலப்பு. வருஷம் முழுக்கப் பூ. என்ரை வளவில் வேலியோரம் நிற்குது, நான் அதைத் திரும்பிப் பார்ப்பதே கிடையாது.

வராட்டா பெரிய இடத்துப் பிள்ளை. அதுக்கு மணற்கல் வேண்டும்.

மணற்கல் (பெரோரா)

வளவுக்காரர் ஐயா சொல்வதில் பாதி சரி. வராட்டாவின் சொந்த ஊர் ஹாக்ஸ்பரி மணற்கல். எங்கள் பெரோரா பக்கம், ராயல் தேசியப் பூங்கா, புளூ மவுன்டன்ஸ், சென்ட்ரல் கோஸ்ட் என்று சிட்னியைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி அந்தக் கல் இருக்கிறது. நடுவில், பாரமட்டா தொடங்கிப் பென்ரித் வரை, வியானமட்டா ஷேல் என்ற பாறை மக்கி உண்டான களிமண். செம்பருத்தி அக்கா வீடு அதன் மேல்தான் நிற்கிறது. "எந்த மண்ணிலும் வரும்" என்று சொன்னவர் விற்கத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் அதற்காக ஆசையை விட வேண்டியதில்லை. வராட்டாவைக் கொல்வது களிமண் என்ற பெயர் இல்லை, வேரடியில் நிற்கிற தண்ணீர். தண்ணீர் வடிந்துவிட்டால் களியிலும் வரும். முதலில் இதைப் பாருங்கள்: நட நினைக்கும் இடத்தில் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டுங்கள். தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். சில மணி நேரத்தில் காலியானால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் நேரடியாக எதையும் நட வேண்டாம்.

அப்படி நிற்கும் மண்ணில் பலரும் செய்வது, ஆழமாகக் குழி வெட்டி, களியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, நர்சரி மண் மூட்டை வாங்கிக் கொட்டுவது. பார்க்க நன்றாக இருக்கும். சுற்றிலும் களி இருப்பதால் பெய்கிற மழையெல்லாம் அந்த ஒரு குழிக்குள்தான் வந்து தேங்கும். செடியைக் கிணற்றுக்குள் நட்டதற்குச் சமம். கீழே போகாதீர்கள், மேலே வாருங்கள்: தரையை லேசாகக் கொத்திவிட்டு, அதன் மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். அகலம் குறைந்தது ஐந்தாறு அடி இருக்கட்டும். குறுகலான மேடு கோடையில் சட்டென்று காய்ந்துவிடும். மேட்டுக்குக் கரடான மணலும் மணல் கலந்த தோட்ட மண்ணும் போதும். காளான் பண்ணையிலிருந்து வரும் கம்போஸ்ட் கலந்த மூட்டை மட்டும் வேண்டாம், அதில் சுண்ணாம்புத்தன்மை உண்டு. வராட்டாவுக்கு லேசான அமில மண்தான் பிடிக்கும்.

களியை இளக்க ஜிப்சம் போடு என்று உடனே யாராவது வருவார்கள். அதற்கு முன்னால்: காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவில் எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் விட்டுவிடுங்கள். கட்டியைச் சுற்றித் தண்ணீர் கலங்கினால் சோடியம் அதிகமுள்ள களி, ஜிப்சம் உதவும். கட்டி உடைந்தாலும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் ஜிப்சம் வீண் செலவு.

செம்பருத்தி

மணற்கல், நன்றி. குழி வெட்டிப் பார்த்துவிட்டேன். இரவு நிரப்பினது காலையில் காப்பி போடும்போதும் அப்படியே நின்றது. டம்ளரும் கலங்கித்தான் இருக்கிறது. ஆக மேடும் ஜிப்சமும்.

எருவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மேட்டு மண்ணிலேயே எலும்புத்தூள் கலந்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

நுண்வேர் (ஆர்மிடேல்)

எலும்புத்தூளைத் தொடாதீர்கள். கறிவேப்பிலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வேளாண்மைப் படிப்பு படித்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வராட்டா, பேங்க்சியா, கிரெவில்லியா, ஹேக்கியா, மக்கடேமியா எல்லாம் புரோட்டியேசி என்ற ஒரே குடும்பம். இந்தக் கண்டத்து மண் மிகப் பழையது. கோடிக்கணக்கான வருஷ மழையில் பாஸ்பரஸ் கரைந்து போய்விட்டது, மிச்சமிருப்பதும் இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அதைப் பிடுங்கி எடுக்க இந்தக் குடும்பம் கண்டுபிடித்த வழி கொத்துவேர். ஒரு வேரின் குறிப்பிட்ட இடத்தில் நூற்றுக்கணக்கான சின்ன வேர்கள் பிரஷ் மாதிரி நெருக்கமாக முளைக்கும். அவை சிட்ரேட் போன்ற அமிலங்களை மண்ணில் கசியவிட்டு, கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸை விடுவித்து உறிஞ்சிக்கொள்ளும். சில வாரங்களில் அந்தக் கொத்து காய்ந்துவிடும், வேறு இடத்தில் புதிது வரும். 1960இல் ஹெலன் பர்னெல் என்ற ஆய்வாளர் இதை விவரித்து 'புரோட்டியாய்டு வேர்' என்று பெயர் வைத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தக்காளிக்கோ கத்தரிக்கோ பாஸ்பரஸ் அதிகமானால் அது உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். புரோட்டியேசியில் பல செடிகளுக்கு அந்த நிறுத்தும் வசதி சரியாக இல்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் லாம்பர்ஸ் குழுவினர் ஹேக்கியாவில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள்: கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டே இருக்கும், இலையில் சேர்ந்து இலையையே எரித்துவிடும். பழைய இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும், புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மீதி மஞ்சளாகும். பார்க்கிறவர்கள் "சத்துக் குறைவு போலிருக்கிறது" என்று இன்னொரு கைப்பிடி எரு போடுவார்கள். அத்தோடு கதை முடியும்.

எலும்புத்தூளின் முக்கியச் சத்தே பாஸ்பரஸ்தான். கோழி எருவிலும் அது தாராளம். உர மூட்டையின் பின்பக்கம் பாருங்கள், பாஸ்பரஸ் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இன்னும் குறைவாக இருந்தால் நல்லது. 'நேட்டிவ்' என்று முன்பக்கம் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

அப்புறம், முன்பு காய்கறிப் பாத்தியாக இருந்த இடத்தில் வராட்டா வைக்காதீர்கள். பாஸ்பரஸ் மண்ணைவிட்டு லேசில் போகாது.

டான்டினாங் தேன் (மெல்பர்ன்)

நுண்வேர் சொன்ன அறிவியல் சரி, ஆனால் கேட்கிறவர்கள் பயந்து செடியைப் பட்டினி போட்டுவிடுவார்கள். வராட்டா இந்தக் குடும்பத்திலேயே ரொம்பத் தொட்டாற்சிணுங்கி ரகம் கிடையாது. வெட்டுப்பூவுக்காக வளர்க்கிற பண்ணைகளில் உரம் போடாமலா வளர்க்கிறார்கள்? பாஸ்பரஸ் குறைவான, மெதுவாகக் கரையும் உரத்தை வசந்தத்தில், பூ முடிந்ததும் கொடுத்தால் தண்டு நன்றாக நீளும். அடுத்த வருஷப் பூ அந்தத் தண்டின் நுனியில்தான் வரப்போகிறது. எங்கள் வீட்டில் கொடுத்த செடிக்கும் கொடுக்காத செடிக்கும் வித்தியாசம் தெருவிலிருந்தே தெரியும்.

நுண்வேர்

பண்ணைக்காரர் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, அளந்து போடுகிறார். நம் ஆட்கள் கையளவில் போடுகிறார்கள். என் பயம் அந்தக் கையைப் பற்றித்தான்.

டான்டினாங் தேன்

அது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். அட்டையில் எழுதியிருக்கிற அளவில் பாதி, வருஷத்துக்கு ஒரே முறை. அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வளவுக்காரர்

நாங்கள் பசளை போட்டுப் பழகின ஆட்கள். தோட்டத்தில் ஒரு செடி நின்றால் அதுக்கு ஏதாவது கொடுக்காமல் இருக்க மனம் வராது. அதால்தான் சொன்னேன், பாட்டில் பிரஷ் என்று. அது புரோட்டியேசி இல்லை, யூகலிப்டஸ் குடும்பம். பசளை கொஞ்சம் கூடிப் போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

கோத்தகிரிக்காரன் (நீலகிரி)

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். கிரெவில்லியா என்று படித்ததும்தான் உறைத்தது. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், கிரெவில்லியா ரொபஸ்டா, இந்தக் குடும்பம்தானே? வால்பாறையிலும் ஏற்காட்டிலும்கூட அதுதான். மிளகுக்கொடி ஏற்றுவதும் அதன் மேல்தான். அது இவ்வளவு நன்றாக வருகிறதென்றால் வராட்டாவும் இங்கே வருமா? சிட்னியில் இருக்கும் மச்சான் அடுத்த முறை வரும்போது விதை கொண்டுவரச் சொல்லலாம் என்று யோசனை.

நுண்வேர்

அதே குடும்பம்தான். குயின்ஸ்லாந்தின் தென்பகுதி, நியூ சவுத் வேல்ஸின் வடபகுதிக் காடுகளிலிருந்து போனது. கிரெவில்லியாக்களில் மிகப் பெரியது அதுதான், மற்றதெல்லாம் பெரும்பாலும் புதர்.

குளிரும் அமில மண்ணும் உங்களுக்கு இருக்கின்றன, ஆனால் தென்மேற்குப் பருவமழையை வராட்டாவின் வேர் எப்படித் தாங்கும் என்பது வேறு கேள்வி. தேயிலை மண்ணில் ராக் பாஸ்பேட் போட்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், விதையைப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இந்தியாவில் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும்.

மணற்கல்

நீலகிரிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இதுவரை போனதே போதும் என்பது என் கருத்து. யூகலிப்டஸும் சீகை என்கிற வாட்டில் மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோனவை. சீகை சோலைப் புல்வெளிகளை எந்த அளவுக்குத் தின்றிருக்கிறது என்பது கோத்தகிரிக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வராட்டா அப்படிப் பரவும் என்று நான் சொல்லவில்லை. சிவப்புப் பூ வேண்டுமென்றால் காட்டுப் பூவரசு இருக்கிறதே, மலை முழுக்க. அதற்கு ஈடாகுமா இது?

கோத்தகிரிக்காரன்

காட்டுப் பூவரசு எங்கள் வீட்டுக்கு மேலேயே நிற்கிறது. சரி, மச்சான் தப்பித்தார். இழையைத் தொடர்ந்து படிக்கிறேன், சுவாரசியமாக இருக்கிறது.

கடல்மணல் (பெர்த்)

மணல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊர் நிலவரம்: பெர்த்தில் மணலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கடலோரப் பகுதிகளில் அது சுண்ணாம்பு மணல், காரத்தன்மை. வராட்டா அதில் மஞ்சளடித்துப் போகும். நாங்கள் பேங்க்சியா வைத்து நிம்மதியாக இருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது வேரழுகல். ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்ற மண்ணில் வாழும் கிருமியால் வருவது. இங்கே அந்த நோயை 'டைபேக்' என்றால் குழந்தைக்கும் தெரியும். காட்டு நடைபாதைகளில் செருப்பைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஒட்டிய மண்ணோடு அது பரவும் என்பதால். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வேர் அழுகி, செடி தண்ணீர் இல்லாததுபோல் வாடும். நாம் தண்ணீர் ஊற்றுவோம், அது இன்னும் வேகமாகப் போகும். செம்பருத்தியின் பக்கத்துத் தெருச் செடி போனது இதனாலும் இருக்கலாம். தொட்டியோடு வாங்கும்போது கன்றைச் சாய்த்துத் தொட்டியடியில் வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருக்க வேண்டும். பழுப்பாக, தொட்டால் தோல் உரிகிற மாதிரி இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

இதற்குப் பொட்டாசியம் பாஸ்பைட் தெளிப்பார்கள். பாஸ்பேட் வேறு, பாஸ்பைட் வேறு. கடையில் எழுத்தைச் சரியாகப் படித்து வாங்குங்கள்.

செம்பருத்தி

படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது, ஆனாலும் பின்வாங்குவதாக இல்லை. எலும்புத்தூள் மூட்டை முருங்கைப் பக்கம் போய்விட்டது.

இப்போது ரகம். நர்சரியில் சாதா வராட்டா, ஷேடி லேடி, பிரெய்ட்வுட் பிரில்லியன்ட் மூன்றும் இருக்கின்றன. வெள்ளையும் ஒன்று பார்த்தேன். எதை எடுக்க? இன்றைக்கே போய் வாங்கிவிடலாமா?

டான்டினாங் தேன்

களிமண்ணுக்கு ஷேடி லேடி. இது நியூ சவுத் வேல்ஸ் வராட்டாவும் எங்கள் கிப்ஸ்லாந்து வராட்டாவும் கலந்தது. வேகமாக வளரும், பகுதி நிழலிலும் பூக்கும், மண் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பூ சாதா வராட்டாவைவிடச் சின்னது, எண்ணிக்கை அதிகம். மூன்று மீட்டரைத் தாண்டி உயரும், ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள்.

பிரெய்ட்வுட் பிரில்லியன்ட் மோங்கா வராட்டாவோடு கலந்தது. உறைபனி விழும் ஊர்களுக்கு ஏற்றது, கான்பெராவில் விரும்பி வைப்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

மணற்கல்

ஷேடி லேடி நல்ல செடிதான், மறுக்கவில்லை. ஆனால் வராட்டா என்று மனதில் வைத்துக்கொண்டு ஷேடி லேடி வாங்கினால் முதல் பூவில் ஏமாற்றம் இருக்கும். சாதா வராட்டாவின் பூத்தலை ஒன்றில் நூறுக்கும் மேல் சின்னப் பூக்கள், அடியிலிருந்து மேலாக வரிசையாக விரியும், சுற்றிலும் சிவப்பு மடல்கள். காட்டுக்குள் வெகு தூரத்திலிருந்தே தெரியும். 1810இல் ராபர்ட் பிரவுன் இதற்கு டெலோபியா என்று பேர் வைத்ததே தூரத்திலிருந்து தெரிவதால்தான். 1962இல் மாநிலப் பூவாக அறிவித்ததும் இந்தச் சாதா வராட்டாவை, டெலோபியா ஸ்பெசியோசிஸ்ஸிமாவைத்தான், கலப்பு ரகத்தை இல்லை. மேடு ஒழுங்காகக் கட்டப்போகிறீர்கள் என்றால் சாதாவையே முயலுங்கள். வெட்டுக்குச்சியில் வந்த கன்றாகப் பார்த்து வாங்கினால் இரண்டு மூன்று வருஷத்தில் பூக்கும். விதைக் கன்று ஐந்து வருஷம்கூட எடுக்கும்.

வெள்ளை என்றால் விர்ரிம்பிர்ரா ஒயிட்டாக இருக்கும். தாராவல் பழங்குடி மக்களிடம் ஒரு கதை உண்டு: வராட்டா முதலில் வெள்ளையாகத்தான் இருந்ததாம், வொங்கா புறாவின் ரத்தம் பட்டுச் சிவந்ததாம். வெள்ளை வைத்திருப்பவர்கள் விருந்தாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

ஆனால் இன்றைக்கு வாங்காதீர்கள்! பிப்ரவரி. 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்ததை மறந்துவிட்டீர்களா? அந்த மாதிரி நாள் இந்தக் கோடையில் இன்னும் ஒன்று வந்தாலும் புதுக் கன்று நிற்காது. இந்த மாதம் மேட்டைக் கட்டி, ஜிப்சம் போட்டு, மழையில் அமர விடுங்கள். ஏப்ரலில் நடுங்கள். மண் இன்னும் சூடாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும், குளிர்காலம் முழுக்க வேர் ஓட நேரம் கிடைக்கும். காலை வெயில் படுகிற, மேற்கு வெயில் மறைகிற மூலையாகப் பாருங்கள்.

நட்ட பிறகு வேரடியைக் கொத்தவே கூடாது. கொத்துவேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கும். களை வந்தால் கையால் பிடுங்குங்கள். மரப்பட்டை, சருகு, எது கிடைத்தாலும் மூன்று அங்குல மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். முதல் இரண்டு கோடை தண்ணீர் விடாமல் இருக்கக் கூடாது. 'நாட்டுச் செடி, தண்ணீர் வேண்டாம்' என்று விட்டு அழித்தவர்கள்தான் அதிகம்.

செம்பருத்தி

பூத்தால் சாமிக்குப் பறிக்கலாமா, செடிக்குக் கெடுதலா? செப்டம்பர், அக்டோபரில் பூக்கிறது என்றால் நவராத்திரி நேரம். கொலுவுக்கு வைத்தால் எப்படி இருக்கும்!

மணற்கல்

பறிக்காவிட்டால்தான் கெடுதல். வெறும் பூவைக் கிள்ளாமல் நீளமான தண்டோடு வெட்டுங்கள், அதுவே கவாத்து. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று புதுக் கிளை வரும், ஒவ்வொன்றின் நுனியிலும் அடுத்த வருஷம் ஒரு பூ. வெட்டாமல் விட்ட வராட்டா ஒற்றைக் கம்பாக நெட்டுக்கு வளர்ந்து, உச்சியில் ஒன்றிரண்டு பூவோடு நிற்கும். மிச்சப் பூக்கள் காய்ந்ததும், நவம்பருக்குள், பூத்த தண்டுகளைப் பாதிக்கு மேல் வெட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். ஏப்ரல் வாக்கில் நுனியில் மொட்டு திரள்வது கண்ணுக்கே தெரியும்.

கை நடுங்க வேண்டாம். இந்தச் செடிக்குத் தண்டின் அடியில், மண்ணுக்குள், லிக்னோட்யூபர் என்று கிழங்கு போன்ற ஒரு கட்டை உண்டு. காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகினாலும் அதிலிருந்து துளிர்த்து, இரண்டு மூன்று வருஷத்தில் முன்பைவிட அதிகமாகப் பூக்கும். தீக்கே அசராத செடி உங்கள் கத்தரிக்கோலுக்கா அசரும்?

கோயில் போகும் வழியில் பறிப்பது மட்டும் வேண்டாம். இந்த மாநிலத்தில் காட்டுப் பூக்களைக் காக்க 1927லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், வராட்டாவை அந்த அளவுக்கு அறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். காட்டில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம் முவோகமாரா காப்பகம் இருக்கிறது. வருஷத்தில் ஆறு வார இறுதிகள்தான் திறப்பார்கள், குளிர்காலக் கடைசியில். குடும்பத்தோடு வாருங்கள்.

வளவுக்காரர்

கொலுவுக்கு வராட்டா! இப்போது எனக்கும் ஆசை வந்துவிட்டது. மேடு கட்ட மணல் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு டிரெய்லரில் சேர்த்து எடுப்போம், பிள்ளை. கூலி பாதி பாதி.

இன்னொன்று, நான் முதலில் சொன்ன ராபின் கார்டன் பற்றி. சிலருக்கு அதின்ரை இலை பட்டால் தோல் தடித்துக் கடிக்கும். பிள்ளைகள் விளையாடும் பக்கம் வைக்க வேண்டாம். வெட்டும்போது முழுக்கைச் சட்டை போடுங்கோ.

செம்பருத்தி

டிரெய்லர் சரி அண்ணா, சனிக்கிழமை அழைக்கிறேன். ரகம் சாதா வராட்டா என்று முடிவு. அது போனால் ஷேடி லேடி.

கடைசியாக இரண்டு கேள்வி. ஒன்று, பூச்சி ஏதாவது வருமா? இரண்டு, எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரைக் குழாய் வைத்து முன்பக்கப் புல்லுக்கு விடுகிறோம். மேடும் அந்தப் பக்கம்தான். அந்தத் தண்ணீர் போதுமா?

டான்டினாங் தேன்

தண்டுத் துளைப்பான் வரும். நுனியிலோ மொட்டுக்குக் கீழோ மரத்தூளும் வலையும் சேர்ந்து ஒரு சின்னக் கட்டி தெரிந்தால் அதற்கு அடியில் ஓட்டையும் உள்ளே புழுவும் இருக்கும். மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள், அல்லது அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். மருந்து தேவைப்படாது. பூவில் தேன் குடிக்க வரும் பறவைகளுக்கும் நல்லது.

நுண்வேர்

வாஷிங் மெஷின் தண்ணீரை மேட்டுப் பக்கமே விடாதீர்கள். உங்கள் களியில் ஏற்கெனவே சோடியம் அதிகம், டம்ளரிலேயே பார்த்தீர்கள். சலவைத்தூளில் இன்னும் சோடியம் வரும், காரத்தன்மையும் சேரும். பாஸ்பரஸுக்கு டப்பாவின் மேல் குறி இருக்கும்: 'என்பி' என்றால் பாஸ்பரஸ் சேர்க்காதது, வெறும் 'பி' என்றால் ஒரு அளவுக்கு உட்பட்டு இருக்கிறது. என்பி வாங்கினாலும் சோடியம் பிரச்சினை தீராது. குழாயைப் பின்பக்கம் திருப்புங்கள்.

புல்தரைக்கு உரம் போடுகிறவராக இருந்தால் அதுவும் மழையில் வழிந்து மேட்டடிக்கு வரும். புல் சரிவில் மேலே இருக்கிறதா, கீழேயா?

செம்பருத்தி

மேலே. அப்படியென்றால் மேட்டைப் புல்லுக்கு மேல்பக்கம், வாசல்படி ஓரமாக மாற்றிவிடுகிறேன். அங்கே காலை வெயிலும் இருக்கிறது. குழாயை இந்த வாரமே வீட்டுக்காரர் திருப்பிவிடுவார், அவருக்கு இன்னும் தெரியாது.